நிகர எடை

எடைமேடையில் எனக்குப் பன்னிரண்டு வருஷ வேலை,
கல்லிடைக்குறிச்சி ரோட்டில்.
நெல் லாரி, செங்கல் லாரி, கோழித்தீவன லாரி.
நிறைந்த வண்டி ஒருமுறை, காலி வண்டி ஒருமுறை,
கழித்தால் நிகரம்.
லாரி வராத மதியங்களில் நானே ஏறி நிற்பேன்.
மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்:
ஒருநாள் நூற்றுப்பத்து,
மறுநாள் நூற்றிருபது.
இடையில் உள்ளதை முழங்கால் சொல்லும்.

தூத்துக்குடியில் ரெமிஜியுஸ் கொரைராவின் பட்டறை.
மூக்கைக் குத்தும் ரெசின் நெடி.
'எத்தன பேருக்குக் கேக்கிய?'
'ஒத்தைக்கு. ஆத்துல, பாறையில, வேகத்தண்ணியில.'
பார்வை என் தோளிலிருந்து இறங்கி
இடுப்பருகே கொஞ்சம் தங்கியது.
'அப்பம் ரெண்டு பேர் படகையே எடுத்துருங்க.'

ரெண்டு பேர் படகு எனக்குத் தெரியும்.
போன ஐப்பசியில் முக்கூடலில் இரவல் வாங்கினேன்.
பின்னால் நான் உட்கார
முன்மூக்கு ஆகாசத்தைப் பார்த்தது.
தாழ்ப்பாள் இல்லாத கதவைப்போல
காற்று அதை இஷ்டத்துக்குத் திருப்பியது.
முன்னால் ஒரு சிப்பம் அரிசி வைத்தேன்.
மூக்கு இறங்கியது, சரிதான்.
ஆனால் அரிசி துடுப்புப் போடாது.

அடுத்தது சிவப்பு, ஒன்பதடி.
அவர் மகன் அதில் ஏறிப் பம்பரமாய்ச் சுற்றிக் காட்டினான்.
அறுபது கிலோப் பையன்.
நான் இறங்கியதும்
விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளி.
எங்கோ போன தோணியின் அலை ஒன்று
கேட்காமல் உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் எரிச்சலாக இருந்தது.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒன்று
தார்ப்பாய்க்கடியில் கிடந்தது.
யாரோ முன்பணம் கொடுத்து மறந்தது.
பன்னிரண்டடிக்கு ஒரு சாண் குறைவு,
நடுவில் அகலம், இரண்டு முனையும் உயரம்,
அடிப்பலகை தொட்டில்போல லேசாக வளைந்திருந்தது.
ஏறினேன். ஆடியது.
மூச்சைப் பிடித்தால் இன்னும் ஆடியது.
வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தேன்.
ஓரிடத்தில் அது
'இதுக்கு மேல விடமாட்டேன்' என்று நின்றது.
விளிம்புக்குக் கீழே இன்னும் ஒரு சாண் இருந்தது.

'இதுல எந்தக் கொறையும் இல்லியே?' என்றார்.
இருந்தது. இருக்கைக்கடியில் என் பாதம் நுழைந்தது,
திரும்பி வரமாட்டேன் என்றது.
கவிழ்ந்தால் அந்தப் பாதம்தான் என்னைக் கொல்லும்.
இரண்டு அங்குலம் உயர்த்தச் சொன்னேன்.
மண்டியிட ரப்பர்மெத்தை நானே வெட்டி ஒட்டினேன்.
முனைகளில் லாரி டியூப் இரண்டு, காற்றடைத்து,
தண்ணீர் குடியேற இடம் வைக்காமல்.
ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக
மேடையில் ஏற்றினேன்:
வண்டி எடை முப்பது.

காரையாறு திறந்து மூன்றாம் நாள்.
எருமைப்பாறைச் சரிவுக்கு மேலே,
மருதமரத்து நிழலில் மண்டியிட்டிருக்கிறேன்.
கோயிலில் துலாபாரத் தட்டில் ஏறினால்
எதிர்த்தட்டில் வாழைத்தார் அடுக்கவேண்டும்,
பார்க்கிறவர்கள் தார்களை எண்ணுவார்கள்.
இங்கே அந்தப் பேச்சே இல்லை.
படகும் நானும் எவ்வளவோ
அவ்வளவு தண்ணீரை, ஒரு குண்டுமணி பிசகாமல்,
தாமிரபரணி ஒதுக்கிக் கொடுத்துவிட்டு
தன் பாட்டுக்குப் போகிறது.
ரசீது கேட்கவில்லை.

சரிவில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.
வெள்ளை. பிறகு ஒரு கறுப்புப் பாறை, மிக அருகே.
இடுப்பைத் திருப்பினேன்,
என் முழுக் கனமும் அந்தப் பக்கம் போனது.
அறுபது கிலோப் பையனிடம் இல்லாத கனம்.
அலையை அது வெட்டியது.

கீழே, அசையாத மடுவில்,
காலிடுக்கில் தேங்கியதை மக்கால் இறைக்கிறேன்,
ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி.
தொழில் புத்தி.
முப்பத்தொன்றில் ஒரு தட்டான்
முன்மூக்கில் வந்து உட்கார்ந்தது.
எண்ணிக்கை விட்டுப்போனது.